இடது கன்னத்து வெளிச்சம்

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தாரணி நாற்காலியை இழுப்பாள். ஜாலான் புசார் காப்பிக் கடையானாலும் சரி, அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேசையானாலும் சரி, ஜன்னல் அவளுக்கு இடது பக்கம் இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் யாராவது தோசை தின்றுகொண்டிருந்தால், "அங்கிள், கொஞ்சம் அந்தப் பக்கம் மாறிக்கிறீங்களா?" என்பாள். அவர் எச்சில் கையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவதைப் பார்க்க முடியாமல் அக்காள் கமலம் தலையைக் குனிந்துகொள்வாள். இடது கன்னம் ராசியான கன்னமாம். சென்னையில் ஒரு காமிராமேன் எப்போதோ சொன்னது. கன்னம் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. ராசி மட்டும் அப்படியே இருக்கிறது.

தாரணி என்பது சென்னை வைத்த பெயர். சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டிய தங்கராசுக்கும் அஞ்சலைக்கும் பிறந்தபோது அவள் சந்திரமதி. தங்கராசு வழியில் யாரும் மேடை ஏறியதில்லை. அஞ்சலையின் பெரியப்பா ஒருவர்தான் கோயில் திருவிழா நாடகத்தில் பெண் வேஷம் கட்டி, கலைக்க மனம் வராமல் சேலையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவர். அந்த ரத்தம் ஒரு தலைமுறை சும்மா இருந்துவிட்டு இவளிடம் எழும்பிவிட்டது என்பார்கள் சொந்தக்காரர்கள். சமூக மன்ற நாடகம், உள்ளூர்த் தொலைக்காட்சித் தொடர், அதற்கப்புறம் சென்னை.

அங்கே அவள் கதாநாயகியின் தோழி. கதாநாயகி காதலிப்பாள், இவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஏய், அவன் உன்னத்தான்டி பாக்கறான்" என்பாள். ஒரு படத்தில் குத்துப்பட்டுச் சாகிற தங்கை. அதில் கொஞ்சம் பேர் வந்தது. பிறகு அண்ணி. பிறகு ஒருநாள், தன்னைவிட வயதில் மூத்த கதாநாயகனுக்கு அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு தடவை கமலத்துக்கே அவள்மேல் இரக்கம் வந்தது. ஆனால் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியவள் இரக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. "இனிமே நடிக்கறதில்லக்கா. டைரக்‌ஷன்தான். இண்டஸ்ட்ரில எல்லாரும் அழுதாங்க தெரியுமா?" என்றாள்.

அன்று முதல் கறுப்புத் தொப்பி. தேக்கா மார்க்கெட்டில் மீன்காரரை விரல்களால் கட்டிய சட்டத்துக்குள் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். அவர் "எந்த மீனும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். படத்துக்குப் பெயர் வைக்கவில்லை, கதையும் முழுசாக இல்லை. ஆனால் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் எல்லாம் தாரணி என்று போஸ்டர் தயார். பேட்டி கொடுக்கும்போது பேச்சு சென்னையாக இருக்கும். கோபம் வந்தால் மட்டும் அடியில் கிடக்கும் செம்பவாங் மேலே வரும்: "என்னா லா நீங்க, லைட்ட மறைக்காதீங்க லா!"

அப்படி ஒரு பேட்டியில்தான் அந்தக் கதை முதலில் வெளியே வந்தது. கமலம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வானொலியில் தங்கச்சி குரல் தழுதழுத்தது: "எங்கம்மாவோட கடைசி மூச்சு என் மடியிலதான் போச்சு. அதுதான் என் முதல் படம்."

அஞ்சலையின் கடைசி மூச்சு போனது கமலத்தின் கையில். மூன்று வருஷம் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்து வாய்க்கரிசி போட்டதும் அவள்தான். அன்று தாரணி பொள்ளாச்சியில் ஒரு பாட்டுக்குத் தோழிகளோடு குடை சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் வந்தது பதினாறாம் நாள், கறுப்புக் கண்ணாடியோடு.

கமலம் போன் போட்டுக் கேட்டாள். "அது சினிமாட்டிக் லிபர்ட்டிக்கா," என்றாள் தங்கச்சி.

படப்பிடிப்பு செம்பவாங்கிலேயே, கமலத்தின் புளோக்குக் கீழே, அஞ்சலையைக் கிடத்தியிருந்த அதே தூண்களுக்கு நடுவில். இனி நடிப்பதில்லை என்றவள் மகள் வேஷத்தை மட்டும் வேறு யாருக்கும் விடவில்லை. ஐம்பதைத் தொடப்போகிறவள் இருபத்தேழு வயது மகளாக இரட்டைச் சடை போட்டு நின்றாள். அம்மாவாக நடிக்க வந்த தொலைக்காட்சி நடிகை சவப்பெட்டியைப் பார்த்ததும், "பையனுக்கு ஓ லெவல் பரீட்சை, நான் பொணமா படுக்க மாட்டேன்" என்று டாக்ஸி பிடித்துப் போய்விட்டாள்.

தாரணி அக்காளின் முகத்தை விரல் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா ஜாடை அப்படியே இருக்குக்கா உனக்கு. படுத்துக்கோ. பயப்படாத, ஷாட் முடிஞ்சதும் எழுந்து லென்ஸப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிட்டா தோஷமெல்லாம் போயிடும். மெட்ராஸ்ல அதான் வழக்கம்."

கமலம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அரிசிய நீ போட்ட மாதிரி காட்டாத. பெரிய மக போட்டதா காட்டு. நாளைக்கு என் பேரப்புள்ளைங்க பாக்கும்."

"ப்ராமிஸ்க்கா. நீ இல்லாம அம்மா கதையா?"

அழுவதற்கு ஆள் வேண்டுமே, சொந்தக்காரர்களையே வரவழைத்திருந்தாள். ஃபேரர் பார்க்கிலிருந்தும் ஈசூனிலிருந்தும் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார்கள். "சாவுக்கு எவளாவது பட்டுச்சேல கட்டுவாளா? மாத்துங்க லா!" என்று ஒரு சத்தம் போட்டு அடக்கினாள். அஞ்சலையின் கடைசித் தம்பி கோவிந்தசாமி மாமாவுக்கு ஒரு வசனம்கூட உண்டு. காலையிலிருந்து தூணோரம் நின்று அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இவர்களில் பாதிப் பேர் அஞ்சலையின் சாவுக்கு வந்தவர்கள். யார் அரிசி போட்டார்கள் என்று தெரிந்தவர்கள். ஆனாலும் பிரியாணி வந்திருந்தது. முகம் படத்தில் வரப்போகிறது.

கமலம் பெட்டிக்குள் படுத்துக் கண்ணை மூடியதும் ஓர் அலறல். மாடியில் குடியிருக்கும் ஆமினா பீவி மின்தூக்கியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"யா அல்லா! கமலம்! காலையிலதானேடி உங்கிட்ட தேங்கா வாங்குனேன்!"

பிணம் கண்ணைத் திறந்து, "நான் சாகல ஆமினாக்கா, நடிக்கிறேன்" என்றது. கூட்டம் சிரித்து ஓய்ந்தது. ஆமினா பீவி நெஞ்சைப் பிடித்தபடி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆக்‌ஷன்!" என்று தாரணியே சொல்லிவிட்டு, தாரணியே ஓடிவந்து பெட்டியின்மேல் விழுந்தாள். கோவிந்தசாமி மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தன் வசனத்தைச் சொன்னார்: "பெத்தது ஒண்ணே ஒண்ணு! அந்த ஒத்தப் புள்ளய விட்டுட்டுப் போயிட்டியே அக்கா!"

மூடிய கண்ணுக்குள் கமலத்துக்கு அது மெதுவாகத்தான் விளங்கியது. ஒத்தப் பிள்ளை. இந்தக் கதையில் பெரிய மகளே பிறக்கவில்லை. கஞ்சி ஊட்டியவள் இல்லை, அரிசி போட்டவள் இல்லை. சொன்னவர் அவளைத் தோளில் தூக்கி வளர்த்த மாமா.

தாரணியின் விரல் உதட்டில் பட்டது. கமலம் பல்லைக் கடித்தாள். அரிசி மோவாயில் சிந்திக் கழுத்துக்குள் போயிற்று.

"கட்! அக்கா, வாய லேசா விடு."

மறுபடி விழுந்தாள், மறுபடி அழுதாள். அழுகை அச்சுப் போட்டது போல அதே இடத்தில் ஏறி அதே இடத்தில் உடைந்தது. வாய் திறக்கவில்லை. மூன்றாவது முறை தாரணி குனிந்து, அழுகிற முகம் கலையாமல், பல்லிடுக்கில் சொன்னாள்: "திற லா அக்கா. வெளிச்சம் போவுது."

கமலம் கண்ணைத் திறந்தாள். பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்தாள். மோவாயிலிருந்து அரிசி மடியில் விழுந்தது.

"எங்கம்மாவுக்கு அரிசி போட்டது நான். நீ வந்தது பதினாறாம் நாளு," என்றாள். கத்தவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

பட்டுச்சேலை மாற்றியவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாமா துண்டை உதறி மடித்தார். "படந்தானே கமலம்... விடும்மா," என்றார்.

"என்ன படம்?" என்று ஓரத்திலிருந்து ஆமினா பீவி எழுந்தார். "அன்னிக்கு எல்லாருக்கும் பாலில்லாம தே ஓ போட்டுக் குடுத்தது நானு. நீங்களும்தான் குடிச்சீங்க கோவிந்தசாமி. இந்தப் புள்ள எங்க இருந்துச்சு அன்னிக்கு?"

தாரணி காதில் கருவி மாட்டியிருந்த அஃப்னான் பக்கம் திரும்பினாள். ஒலிப்பதிவு அவன் பொறுப்பு.

"மைக்ல ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுக்கா. ரொம்ப க்ளியரா."

"அழிச்சிடு."

பிறகு, சிந்திய அரிசியும் இயல்பாகத்தான் இருக்கிறது, முதல் டேக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தாள். பேக்கப். பிரியாணிப் பொட்டலங்கள் பிரிந்தன. யாரோ ஒரு சித்திக்கு நினைவு வந்தது: "ஐயோ, படுத்தவ சிரிக்கணுமே! சிரிக்காம எழுந்தா வீட்டுக்கு ஆகாது."

காமிராவைத் திருப்பிக் கமலத்தின் முகத்துக்கு நேராக வைத்தார்கள். சுற்றி நின்று கெஞ்சினார்கள். "சிரிம்மா, ஒரு நிமிஷம்." கமலம் பெட்டிக்குள் உட்கார்ந்தபடி லென்ஸையே பார்த்தாள். உதடு அசையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

தாரணி தொப்பியைக் கழற்றினாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்தாள். பெட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, அக்காளின் தோளைப் பிடித்துக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிவிட்டு, இடது கன்னத்தைத் திருப்பி, லென்ஸைப் பார்த்துச் சிரித்தாள்.