வண்டி வராத ஹாரன்

சின்னக்கண்ணு இருபது வருஷம் கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லாரி ஓட்டியவர். அடிவாரத்துக் காரவள்ளிவரை எழுபது வளைவு. எதிரே வண்டி வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொன்றிலும் ஹாரன் அடிப்பார். சேந்தமங்கலம் கடைக்குக் கூடவரும் மனைவி தேன்மொழி காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதெல்லாம் ஒரு காலம்.

முப்பத்தேழாம் வளைவில் ஒருநாள் பிரேக் பிடிக்கவில்லை. மண்மேட்டில் மோதித் தப்பித்தார். லாரியை விற்று மூன்று வருஷமாகியும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், மூச்சு முட்டும். வாய்வு என்று முடிவுகட்டி மிளகுக் கஷாயமாகக் குடித்துத் தள்ளினார். மலையில் மிளகுக்கா பஞ்சம்?

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ஸ்டெல்லா இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்.

"இதயம் நல்லா இருக்குங்க. அன்னிக்குப் பயந்த மூளை, ஆபத்து இல்லாதப்பவும் உடம்பை உசுப்பிவிடுது. இது பதட்ட நோய். மாத்திரை தாரேன், சரியாயிடும்."

சின்னக்கண்ணு யோசித்தார். "வண்டி வராமயே ஹாரன் அடிக்குதுங்களா?"

"அதேதானுங்க."

வீட்டுக்கு வந்து தேன்மொழியிடமும் அதையே சொன்னார்.

நேற்று மாலை மறுபடி படபடத்தது. தேன்மொழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, லாரியில் செய்தபடியே காதைப் பொத்திக்கொண்டாள்.