கயிறு இழுத்தவளின் காலுக்குள் ஒரு கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஓணப் போட்டி. அதற்கு முந்தின வாரத்தில் ஒரு நாள் என் மனைவி லதா, ஒரு காலை இழுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வடம்வலிப் பயிற்சி. வடம்வலி தெரியும்தானே பிள்ளைகளே — கயிறு இழுக்கும் போட்டிதான். எங்கள் தெருப் பெண்கள் அணியில் லதா கடைசி ஆள். கயிற்றை உடம்பில் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி நிற்கிறவள். அவள் அசைந்தால் அணியே அசையும்.

தொடைக்குப் பின்னால் என்னவோ 'டப்'பென்றதாம். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். ஹாம்ஸ்ட்ரிங் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகுமா என்று லதா கேட்டாள். கயிற்றையே தொடக் கூடாது என்றார்.

அவள் முகம் விழுந்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் பரிசுக் குலையை — நல்ல ஏத்தங்குலை, அதாவது நேந்திரன் வாழைக்குலை — ஜெயித்தது கீழத்தெரு. ஜெயித்ததோடு விட்டார்களா? அந்தக் காயிலேயே உப்பேரி, அதாவது சிப்ஸ் வறுத்து, எங்கள் வீட்டுக்கும் ஒரு பொதி கொடுத்தனுப்பினார்கள். அன்பாகத்தான். லதா தொடவில்லை.

எனக்கோ புது வார்த்தை கிடைத்தால் இருப்புக் கொள்ளாது. டிக்‌ஷனரியை எடுத்தேன்.

உட்கார்ந்தபடியே முழங்காலின் பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் கயிறு மாதிரித் தட்டுப்படுகிறதா? அந்தத் தசைநாண்தான் ஹாம்ஸ்ட்ரிங். தொடையின் பின்பக்கத் தசையையும் சேர்த்து அப்படியே சொல்வார்கள். பந்து விளையாடுகிறவர்கள் பாதி ஓட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறார்களே... அதுதான்.

அதே வார்த்தை வினைச்சொல்லாகவும் வரும். அந்தக் காலத்துப் போரில் எதிரியின் குதிரைக்கு அந்த நாணை வெட்டிவிடுவார்களாம். குதிரை சாகாது... ஓடவும் ஓடாது. அதிலிருந்து, ஒருவரைச் செயல்பட விடாமல் முடக்கிப் போடுவதற்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. விடாத மழை ரப்பர் பால்வெட்டை ஹாம்ஸ்ட்ரிங் செய்துவிட்டது என்று நீங்கள் எழுதலாம். தப்பில்லை.

இதையெல்லாம் லதாவுக்கும் விளக்கினேன். போட்டிக்குப் போகாமல் வீட்டிலேயே இரு என்றும் சொன்னேன்.

"காலுக்குத்தான கேடு. வாயிக்கு என்ன?" என்றாள்.

கயிற்றின் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தினாள். நாற்காலியைத் தள்ளிப் போடும்படி நடுவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. லதாவின் இடத்தில் பக்கத்து வீட்டு ஷீபா. ஒரு இழுப்பு எங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு. கடைசி இழுப்பில் ஷீபாவின் குதிகால் வழுக்கியது. குலை மறுபடியும் கீழத்தெருவுக்குப் போனது.

மறுநாள் சாயங்காலம் கீழத்தெரு கேப்டன் உஷா, உப்பேரிப் பொதியோடு நேரிலேயே வந்துவிட்டாள்.

"தின்னு மக்கா. அடுத்த ஓணத்துக்கு வரும்போ காலையும் கூட்டிட்டு வா."

லதா ஒன்றை எடுத்துக் கடித்தாள். நிதானமாக மென்றாள்.

"உப்பு போராது கேட்டியா. எங்களுக்குக் கெடச்சிருந்தா ஒரு நல்ல குலைய இப்படிப் பாழாக்கியிருக்க மாட்டோம்."

உஷா சிரித்துவிட்டாள். இருவருமாகப் பேசிப் பேசியே பொதியைக் காலி செய்தார்கள். எனக்கு மிஞ்சியது தூள்.

நேற்று டாக்டரிடம் மறுபடி போனபோது கேட்டுவிட்டேன். நாக்கில் ஹாம்ஸ்ட்ரிங் கிடையாதாம்.