ஜாக்கியின் நீலத் தட்டு

மலைமேல் இருக்கும் எங்கள் பூண்டியில் எந்த வியாதிக்கும் முதல் மருந்து பூண்டுதான். சளி பிடித்தால் பூண்டு, காது வலித்தால் பூண்டு. விளைவதும் அது, வீடெல்லாம் கிடப்பதும் அது என்றால் வேறு எதைத் தேடிப் போவார்கள்? அதனால் எங்கள் நாய் ஜாக்கியின் தாடையில் சிவப்பாகப் பருக்கள் கிளம்பியபோது அம்மா யோசிக்கவே இல்லை. பூண்டை நசுக்கி அப்படியே பூசிவிட்டாள்.

ஜாக்கிக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. எரிச்சல் தாங்காமல் தாடையைத் தரையில் தேய்த்தது, சாக்கில் தேய்த்தது. பரு புண்ணாகிச் சீழ் வைத்தது. பார்த்தவர்கள் எல்லாம் சொறி என்றார்கள். வீட்டிலோ தம்பி பிறந்து தொட்டிலில் கிடந்தான். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சங்கிலி மட்டும் ஆணியில் தொங்கியது.

"மாமா லாரியில கீழ டாக்டர்கிட்ட போயிருக்கு. கொணமானதும் வந்துரும்" என்றார் அப்பா.

மாமா கேரட் ஏற்றிக்கொண்டு கன்னிவாடிக்குப் போகிறவர். வேண்டாத நாய்கள் அப்படித்தான் மூட்டைகளுக்கு நடுவே மலையிறங்கிப் போகும், திரும்பி வராது என்பது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது. லாரி திரும்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜாக்கியின் நீல பிளாஸ்டிக் தட்டில் சோறு வைத்துவிட்டு வாசலில் நிற்பேன்.

கொஞ்ச நாள் கழித்து மாட்டுக்கு ஊசி போடக் கால்நடை டாக்டர் வந்தார். கீழே இருந்து வந்தவர் என்றதும் எனக்குச் சந்தோஷம் தாளவில்லை.

"எங்க ஜாக்கிக்குக் கொணமாயிருச்சா டாக்டர்?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்கு என்ன செய்தது என்று கேட்டார். தாடையிலும் உதட்டோரத்திலும்தான் பரு, உடம்பில் எங்கும் முடி கொட்டவில்லை என்றேன். எதில் சாப்பிடும் என்று கேட்டு, நீலத் தட்டை வாங்கிப் பார்த்தார். ஜாக்கி கடித்த கீறல்களுக்குள் எல்லாம் அழுக்கு.

"நேர்ல பாக்காம உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். "ஆனா சொறி மாதிரித் தெரியல. எளவட்டத்துக்கு வர்ற மாதிரி நாய்க்கும் மொகப்பரு வரும். யாருக்கும் ஒட்டாது. இந்தத் தட்டத் தூக்கிப் போட்டுட்டு எவர்சில்வர்ல வைங்க. தாடைய வெதுவெதுப்பான தண்ணியில தொடச்சு, பிதுக்காம, மருந்து போட்டா சரியாயிரும். பூண்டு மட்டும் வேணாங்க."

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா மாட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

மறுநாள் வெள்ளனே அப்பாவும் மாமா லாரியில் ஏறினார். எவர்சில்வர் தட்டு வாங்கி வருவதாகச் சொன்னார். அதற்கடுத்த நாள் சாயங்காலம்தான் வந்தார். வேட்டியெல்லாம் செம்மண். யாரையோ கூவிக் கூவி அழைத்தவர்போலத் தொண்டை கட்டியிருந்தது. அம்மா பூண்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

ஜாக்கி வந்ததும் இதில்தான் சாப்பிடும் என்று நான் புதுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அப்பா பைக்குள்ளிருந்து சங்கிலியை எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டினார். தட்டு வாங்கப் போனவர் சங்கிலியை எதற்குக் கொண்டுபோனார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.