வகை எழுதாத குற்றம்

“உறுப்பினர் ஒருவர் பெரிய வெள்ளியன்று வள்ளம் இறக்கினமை. குற்றத்தின் வகை: குறிப்பிடப்படவில்லை.”

குருநகரில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில், என் கையெழுத்தில் உள்ள வரி. உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய், பின்னேரம் நாலரை மணி. செயலாளர் நான். அந்த உறுப்பினர் என் மனைவியின் தம்பி.

விதிப்புத்தகத்தில் குற்றங்கள் மூன்று வகை. வெடி வைத்து மீன் பிடித்தால் முதலாம் வகை. வள்ளம் மூன்று மாதம் கரையில் கிடக்க வேண்டும். பிறர் வலையை வெட்டினால் இரண்டாம் வகை, ஒரு மாதம். கூட்டத்துக்கு வராதது மூன்றாம் வகை. ஏழு நாள் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் முற்றத்தைக் கூட்டிப் பெருக்கிய பிறகே வள்ளம் இறக்கலாம். பெரிய வெள்ளியில் கடலுக்குப் போவதும் குற்றம் என்றே அச்சாகியிருக்கிறது. வகை மட்டும் இல்லை. அதுவரை ஒருவரும் போனதில்லை. ஆகவே ஒருவரும் கவனிக்கவுமில்லை.

மச்சான் போனது, வியாழன் காற்றில் எடுக்க முடியாமல் விட்ட வலையை எடுக்க. வலையில் மீனும் இருந்தது. வள்ளம் மூன்று மாதம் கிடந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

“பெரிய வெள்ளியிலை போனவனுக்கு வகை தேடுறியோ? முதலாம் வகைதான்!” என்றார் தலைவர்.

“அப்ப வெடி வைக்கிறவனும் இவனும் ஒண்டோ, அண்ணை?”

“உனக்கு மச்சான் எண்டபடியால் கதைக்கிறாய்.”

“ஓம், மச்சான்தான். புத்தகத்திலை கிடக்கிறதைத்தான் சொல்லுறன்.”

கொக்குவிலிலிருந்து வந்து எங்கள் பகுதியில் பெண்ணெடுத்தவர், ஓய்வுபெற்ற நீதிமன்றக் கிளாக்கர், பின்வரிசை வாங்கிலிருந்து எழுந்தார். “கோட்டிலையும் உப்பிடித்தான். தரம் சொல்லாத குற்றத்தைக் கடைசித் தரமாத்தான் எடுப்பினம். எழுதாம விட்டது எழுதினவையின்ரை பிழை. அதுக்கு இவனைப் போட்டு வருத்தாதேங்கோ.”

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “முற்றத்தைக் கூட்டட்டும். ஆனா வடிவாக் கூட்டவேணும்,” என்றார்.

மறுநாள் விடியவே தலைவர் கோயில் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். “அந்த மூலை, அந்த மூலை!” என்று ஏழு நாளும் அதட்டினார். ஏழு நாளும் மச்சானுக்குத் தேத்தண்ணீர் வந்தது அவர் வீட்டிலிருந்துதான். எட்டாம் நாள் வள்ளம் இறங்கியது.

குறிப்பேட்டில் “நீதிமன்ற வழக்கத்தையொட்டி” என்று எழுதினேன். அப்படியொரு வழக்கம் உண்டா என்று பிறகு இரண்டு சட்டப் புத்தகங்களில் தேடினேன்; கிடைக்கவில்லை. கிளாக்கரிடம் கேட்டால் சிரிக்கிறார். ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்: சரிபார்க்கப்படவில்லை.