தோப்பு சத்தத்தில் கேட்கவில்லை

ஒரு புது ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தில் அமைத்து வரும்படி மகளின் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்தது 'சுசரஸ்'. இலைகள் உரசி முணுமுணுக்கும் ஓசையாம். அர்த்தத்தை அவள் படித்ததுமே முதுநகர்க் கடலோரத்துச் சவுக்குத் தோப்பு எனக்குள் இரைய ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் என் அம்மா அடுப்புக்குச் சருகு வாருவாள், மெத்தையாகக் கிடக்கும் அந்த ஊசிச் சருகில் நானும் தங்கையும் வழுக்கி விழுந்து உருண்டுகொண்டே இருப்போம், மேலே தோப்பு உஸ்ஸென்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். கோணி நிறைந்ததும் தூக்கிவிடச் சொல்லி அம்மா கூப்பிடுவாள். நாலாவது குரலுக்குத்தான் போவோம், "தோப்பு சத்தத்துல கேக்கலம்மா" என்போம். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

"வாக்கியம் சொல்லும்மா" என்றாள் மகள்.

"சுசரஸ் ஜாஸ்தியா இருந்ததால அம்மா கூப்பிட்டது கேக்கல. இதையே இங்கிலீஷ்ல எழுதிக்கோ."

கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா தலை நிமிராமல் சொன்னாள்:

"பக்கத்துலயே பொய்யின்னும் எழுதச் சொல்லு. மொத கொரலுக்கே நீங்க ரெண்டு பேரும் சிரிச்சது எனக்குக் கேட்டுச்சே."