செவ்வாய்க்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை

அமெர்லிக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் வேண்டியிருந்தது. நகை கேட்கவில்லை, புதுத் துணி கேட்கவில்லை. யாரும் கூப்பிடாத, யாரும் எதையும் கேட்காத இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். ஐந்து பிள்ளை பெற்ற ஒருத்தி இதைக் கேட்டுவிட்டாள் என்று எங்கள் சோர்க்கோர் மீனவர் கடற்கரை மூன்று மாதம் அவளைப் பற்றியே பேசியது. நானும்தான் பேசினேன், அதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

அவள் பிறந்தது இரண்டு சந்து தள்ளி. அம்மாவும் மீனுக்குப் புகை போடுகிறவள். ஒன்பது வயதில் மீன் அடுக்கக் கற்றுக்கொண்டாள். இருபதில் அய்க்வேயைக் கட்டிக்கொண்டு இந்த முற்றத்துக்கு வந்தாள். அவனுக்கு ஒரு படகு, எட்டு ஆள். விடியலில் படகு கரையேறும்போது மற்ற பெண்களோடு முட்டி மோதிப் பேரம் பேசி மத்தி மீனை வாங்க வேண்டும். கழுவ வேண்டும். கம்பித் தட்டுகளில் வால் ஒருபக்கமாக அடுக்கி, வட்டமான மண் அடுப்பின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, புகை எல்லாத் தட்டுக்கும் சமமாகப் படும்படி மேலதைக் கீழும் கீழதை மேலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கெங்கேக்கு மாவு புளிக்கவைப்பது, உருட்டிச் சோளத் தோகையில் சுற்றி வேகவைப்பது, சந்தைக்குப் போகிற லாரிக்குக் கூடை கட்டுவது. கழிப்பறைக்குப் போனால்கூட ஆறு வயது இரட்டையர்கள் ஓக்கோவும் அக்வேதேயும் கதவுக்கு அடியில் கையை விட்டு "அம்மா, இருக்கியா?" என்பார்கள். இல்லாமல் எங்கே போவாள்?

எங்கள் கரையில் செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அது கடலுக்கு ஓய்வு நாள். மீறிப் படகை இறக்கினால் மீனவர் தலைவர் ஆட்டையும் சாராயத்தையும் அபராதமாகக் கறந்துவிடுவார். கடலுக்கு ஓய்வு, வலை தைக்கிற சாக்கில் ஆண்களுக்கும் பாதி ஓய்வு. அமெர்லிக்கோ அதுதான் இருக்கிற நாட்களிலேயே மோசமான நாள். புருஷன் வீட்டில், அவன் ஆட்கள் முற்றத்தில், எல்லாருக்கும் பசி.

ஒரு செவ்வாய் மதியம் சாம்பல் அள்ளப் புகைக் கொட்டகைக்குள் போனாள். திங்கட்கிழமை புகைபோட்ட மீனைக் காலையிலேயே இறக்கிவிட்டதால் அடுப்பு ஆறிக் கிடந்தது. காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அரை இருட்டில் துடைப்பத்தோடு நின்றாள். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் இருக்கலாம், யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவளை வாரம் முழுக்க விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை தச்சனைக் கூப்பிட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் சொல்லியும் விட்டாள். செவ்வாய் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நான் கொட்டகையில் இருப்பேன். கெங்கே பானையில் இருக்கும், மிளகாய் அரைத்து வைத்திருப்பேன், மீன் பொரித்திருப்பேன். யாராவது சாகக் கிடந்தால் ஒழியக் கதவைத் தட்டக் கூடாது. அய்க்வே சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை. மனைவி வேடிக்கை பேசுகிறாள் என்றே நினைத்தான்.

உள்ளே என்ன செய்தாள்? சாம்பல் ஒட்டாமலிருக்கச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பாயை விரித்து உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்து ஆசை தீரத் தலையைச் சொறிந்தாள். ஒருநாள் கூரைத் தகரத்து ஓட்டைகளை எண்ணினாள். ஒருநாள் ஒரு முழு ஆரஞ்சை, ஒரு சுளைகூட யாருக்கும் கொடுக்காமல், தானே தின்றாள். ஒருநாள் காரணமே இல்லாமல் அழுதாள். மற்ற நாட்களில் சும்மா இருந்தாள். இரண்டு மணிக்கு வெளியே வரும்போது முகம் கழுவியதுபோல் இருந்தது அவளுக்கு.

அதுவும் கதவுத் தட்டல்களுக்கு நடுவில்தான். முதல் மாதம் நிமிஷத்துக்கு ஒருவர் தட்டினார்கள். மூத்தவள் ஷோர்மே சீப்பைக் கேட்டாள். படகு ஆள் ஒருவன் ஊசி நூல் கேட்டான். அய்க்வே பிள்ளைகள் அடித்துக்கொள்வதாக வந்து புகார் சொன்னான், அந்தப் பிள்ளைகளுக்குத் தான் யார் என்பதே தெரியாதவன் மாதிரி. அமெர்லி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். ஆனால் எவ்வளவு நாள் தாங்குவோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் ஓடார்க்கோர் வந்தாள். அய்க்வேயின் அக்கா, வெள்ளை அங்கி சபைக்காரி. அந்தச் சபையில் பரிசுத்தமான இடத்துக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். கொட்டகை வாசலில் அமெர்லியின் செருப்பு ஜோடியாக இருப்பதைப் பார்த்தாள். கதவில் காதை வைத்தாள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. நாத்தனாருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. முற்றத்துக்கு வந்து தம்பியைத் திட்டினாள்.

"உன் பொண்டாட்டி உள்ள ஜெபத்துல இருக்கா. நீ இங்க பல்லைக் குத்திக்கிட்டு ஆளுங்களோட கூத்தடிக்கிறே. வாயை மூடுங்கடா எல்லாரும்."

மறுநாள் அய்க்வேயின் படகு விளிம்புவரை மீனோடு வந்தது. அதற்குமேல் சாட்சி வேண்டுமா?

அடுத்த செவ்வாய் முற்றம் நிசப்தமாக இருந்தது. அய்க்வேயே உதட்டில் விரல் வைத்து இரட்டையர்களை அடக்கினான். காரணம் தெரிந்தபோது அமெர்லிக்குச் சிரிப்பு வந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கடவுள் பெயரைச் சொன்னால் கிடைக்கிற அமைதி தன் பெயரைச் சொன்னால் கிடைக்காது என்றால், போகட்டும், அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

அதற்கடுத்த வாரம் கதவைத் திறந்தபோது செருப்புக்குப் பக்கத்தில் மூன்று பாட்டில் தண்ணீர் இருந்தது. ஜெபம் நடக்கிற இடத்தில் தண்ணீரை வைத்து, பிறகு வீட்டுக்கு எடுத்துப்போய்க் குடிப்பது அந்தச் சபை வழக்கம். அப்புறம் ஒன்பது, அப்புறம் பதினான்கு. பிறகு ஆட்களே வந்தார்கள். கதவு இடுக்கில் வாயை வைத்து மகனின் பரீட்சை, மாமியாரின் கால்வலி, ஓடிப்போன மருமகன் என்று சன்னமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். முன்பு வீட்டுக்கவலை மட்டும்தான் கதவைத் தட்டியது. இப்போது ஊர்க்கவலை முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டபிறகு அதை நினைக்காமல் எப்படிச் சும்மா இருப்பது? உண்மையைச் சொன்னால் பழையபடி தட்டுவார்கள், சொல்லாவிட்டால் இப்படி. அவள் ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டாள்.

அப்படி ஒரு செவ்வாய் பன்னிரண்டாகச் சில நிமிஷம் இருக்கும்போது, பக்கத்து முற்றத்துச் சோட்சூ காலிப் பாட்டிலோடு வந்தாள். முதுகில் துணியால் கட்டியிருந்த கைக்குழந்தையின் தலை ஒருபக்கமாகத் தொங்கியது. அமெர்லி தொட்டுப் பார்த்தாள். அடுப்பு மாதிரிக் கொதித்தது.

"எத்தனை நாளா?"

"வெள்ளிக்கிழமையிலேருந்து, அக்கா. உங்க தண்ணியத்தான் காலைல ரெண்டு ஸ்பூன், சாயங்காலம் ரெண்டு ஸ்பூன் குடுக்கறேன். தீந்துபோச்சு, அதான் வந்தேன்."

அமெர்லி சோட்சூவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மலேரியா. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்தாள். சோட்சூவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியை எடுக்கத் திரும்பினாள். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, காய்ச்சல் இறங்கக் காத்திருந்ததில் இரண்டு மணி எப்போதோ போய்விட்டது. அமெர்லிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் சோட்சூவிடம் சொன்னாள். "அந்தத் தண்ணியில ஒண்ணுமில்ல, சோட்சூ. நான் ஜெபமே பண்ணல. உள்ள சும்மாத்தான் உக்காந்திருக்கேன்."

திட்டுவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தாள். சோட்சூ முதுகுத் துணியை இறுக்கிக் கட்டினாள். அவளுக்கு ஆறு பிள்ளை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சும்மான்னா... ஒண்ணுமே செய்யாமயா?"

"ஒண்ணுமே செய்யாம."

"அடுத்த வாரம் நானும் வந்து உக்காரட்டுமா அக்கா? ஓரமா. பேசமாட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டால் இன்றைய பாவத்துக்குப் பரிகாரம் ஆகிவிடும். ஆனால் அமெர்லி தன்னை அறிவாள்.

"வேணாம். நீ வந்தா, நீ சாப்பிட்டியா, உனக்கு வேர்க்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். உன் கொட்டகைக்கும் கதவு இருக்கு. அதுக்குத் தாழ்ப்பாள் போடு."

சோட்சூவின் முகம் சுருங்கியது. அமெர்லி அதைப் பார்த்தாள், பார்த்தும் மாற்றிச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே முற்றத்தில் எல்லாரும் இருக்கும்போது கொட்டகை வாசலில் அன்று சேர்ந்திருந்த பாட்டில்களையெல்லாம் மணலில் கவிழ்த்தாள். விஷயத்தைச் சொன்னாள். ஓடார்க்கோர் தலையில் கை வைத்துக்கொண்டாள். தம்பி பொண்டாட்டிக்குச் சோம்பேறிப் பேய் பிடித்திருக்கிறது என்றும், அதற்கும் சபையில் ஜெபம் உண்டு என்றும் சொன்னாள். அய்க்வே மனைவியை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். படகுக்காரர்கள் எல்லாரிடமும் பெருமை அடித்து வைத்திருந்தான், பாவம்.

"ஷோர்மே அம்மா, ஜெபம்னே இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன நஷ்டம்? ஒருத்தரும் தொந்தரவு பண்ணாம பாத்துக்கறேன்."

"ஜெபம்னா மூடிக்கிட்டு இருப்பீங்க. எனக்குன்னா தட்டுவீங்க. அப்படித்தானே?"

அவன் காலால் மணலைக் கிளறினான்.

"கடலுக்கு ஒரு நாள் விட்டிருக்கீங்க. அது என்ன பண்ணுதுன்னு யாராவது கேக்கறீங்களா? எனக்கு ரெண்டு மணி நேரம். அது எனக்கு. வேற யாருக்கும் இல்ல. தட்டினாலும் திறக்கமாட்டேன்."

"சரி, உள்ள உக்காந்து என்னதான் பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன்."

அய்க்வே அவளைப் பார்த்தான். கோபமா, பயமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பிறகு வலை தைக்கப் போய்விட்டான்.

அடுத்த செவ்வாய் யாரும் உதட்டில் விரல் வைக்கவில்லை. அவள் தாழ்ப்பாளைப் போட்டபோது பானையில் கெங்கே இருந்தது, மிளகாய் அரைத்திருந்தது, மீன் பொரித்திருந்தது. முதலில் ஓடார்க்கோர் வாசலில் நின்று, காது கேட்காதவளுக்குச் சொல்வதுபோல், இந்தக் காலத்துப் பெண்களைப் பற்றி ஒரு பாட்டம் பேசினாள். அப்புறம் இரட்டையர்கள் வந்தார்கள். ஒருவன் மற்றவனைக் கடித்திருந்தான். கடிபட்டவன் கதவைக் காலால் உதைத்து அழுதான். அந்த அழுகை அவளுக்குத் தெரியும். வலி இல்லை, வீம்பு. ஆனாலும் பாதி எழுந்துவிட்டாள். முட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கெட்ட தாய் என்றால் கெட்ட தாயாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இரண்டு மணி வரைக்கும், என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. அழுகை தேய்ந்து நின்றது. யாரோ அவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

பிறகு அய்க்வேயின் காலடி. அவன் தட்டவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமினான்.

"உப்பு எங்க இருக்கு?"

பெரிய தட்டுக்குப் பின்னால், நீல மூடி போட்ட டப்பாவில். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அமெர்லி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவன் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் காலடி அடுப்பங்கரைப் பக்கம் போனது. ஏதோ ஒரு டப்பா கீழே விழுந்து உருண்டது, இன்னொன்றும் விழுந்தது. பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறான், தேடட்டும். அவள் பாயில் காலை நீட்டிப் படுத்தாள்.