மழை நாளில் பெயர் கூப்பிட்டவர்

“அக்கா, சவரி அண்ணே போயிட்டாரு” என்று ரூபன் போனில் சொன்னபோது, பண்டாரவளையில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் நின்றிருந்தேன். “எங்க?” என்று கேட்டேன். மாரடைப்பு என்றான். எதிரே நின்ற பெண்ணுக்கு மாத்திரைகளைச் சரியாகச் சுற்றிக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்வரை வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொஸ்லாந்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளை மழையில் மலை சரிந்து மூடிய காலையில், பள்ளிக்கூடம் போயிருந்ததால் நாங்கள் ஒன்பது பிள்ளைகள் மிஞ்சினோம். சவரி அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. கடைக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் ஐந்து பேர் போனார்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

எங்களைத் தங்கவைத்த முகாமில் மழை தொடங்கினால் நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்போம். பெரியவர்கள் அதட்டுவார்கள். மனசைத் தேற்ற வந்தவர்கள் கலர் பென்சில் தந்து, பிடித்ததை வரையச் சொன்னார்கள். ஒன்பது பேரும் மலையையே வரைந்தோம். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை.

சவரி அண்ணன் ஒரு கொப்பியில் எங்கள் பெயர்களை எழுதினார். தோட்டத்தில் காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டைப் போல எங்களை வரிசையில் நிறுத்தினார்.

“ரெஜினா!”

“இருக்கேன்!”

“ரூபன்!”

“இருக்கேன்!”

ஒன்பதும் முடிந்ததும், “ஆளு கொறையல. போய்ச் சாப்பிடுங்க” என்பார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போவோம். பெரட்டில் கூப்பிடுகிறவரின் பெயர் வருவதில்லை. அதனால் அவர் பெயரைக் கூப்பிட எங்களுக்கும் தோன்றவில்லை.

புது வீடுகள் கிடைத்து, வேலை தேடி ஆளுக்கொரு திசையாகப் போன பிறகும், மழை இருட்டினால் பதுளையிலிருந்து அவர் போன் வரும். போன வருஷம் கடையில் கூட்டம் நெரிந்த ஒரு நேரத்தில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“அண்ணே, நாங்க இன்னும் சின்னப் புள்ளைங்களா? மழைக்கெல்லாம் கூப்பிடாதீங்க.”

“சரிம்மா. நீ நல்லா இருந்தா அது போதும்” என்றார். பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. நான் தேறிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

செத்த வீட்டில் அவர் மனைவி லூர்து அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஒங்க எல்லார்கிட்டயும் பேசி முடிச்சாத்தான் அவருக்குக் கை நடுக்கம் நிக்கும், ரெஜினா. நீ வேணான்னு சொன்ன பொறகு எட்டுப் பேரக் கூப்பிடுவாரு. ஒன் பேரு வந்ததும் போனையே பாத்துக்கிட்டு இருப்பாரு. நடுக்கம் நிக்காது.”

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சவரி அண்ணன் எங்களுக்காகக் கூப்பிடுகிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் தூறிக்கொண்டிருந்தது. பாதர் ஜெபம் முடித்ததும் பிடி மண் போடச் சொன்னார்கள். நாங்கள் ஒன்பது பேரும் மண்ணை அள்ளிக்கொண்டு குழிக்கரையில் நின்றோம். ஒருவருக்கும் கை எழவில்லை. மனிதர்மேல் மண் விழுவது எங்களுக்குச் சடங்கு இல்லை. பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

“போடுங்கப்பா” என்றார் அண்ணி. “இவரு மேல மண்ணு மெதுவாத்தானே விழப்போவுது. எல்லாரும் கூட நிக்கிறோமே.”

நான்தான் முதலில் போட்டேன். ஈர மண் பெட்டியின்மேல் சத்தமில்லாமல் விழுந்தது.

என்னை மன்னித்துவிடுங்கள், சவரி அண்ணே. எங்கள் வீட்டு ஆட்களில் பலரை இன்னும் மண்ணிலிருந்து எடுக்கவில்லை. நீங்கள் எங்கே படுத்திருக்கிறீர்கள் என்றாவது எங்களுக்குத் தெரியும். போய் வாருங்கள்.